ஸ்மோக் ஆன் த வாட்டர்: எரிந்த கேசினோவும் அதன் பிறகான மேடைகளும்

கேள்வி இது: “டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு நிஜமாக நடந்த ஒரு தீ விபத்தைப் பற்றியது என்கிறார்களே, எவ்வளவு தூரம் உண்மை? ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் கேட்டால் ஒரு மாதிரி இருக்கிறது, ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் வேறு மாதிரி இருக்கிறது. எதைச் சரியான வடிவம் என்று எடுத்துக்கொள்வது?”

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில், கிட்டத்தட்ட வரிக்கு வரி உண்மை. ராக் பாட்டு எழுதுகிறவர்கள் பொதுவாகக் கொஞ்சம் மூட்டம் போட்டு, படிமம் சேர்த்து எழுதுவார்கள். இதில் அந்த வேலையே இல்லை. எங்கே போனோம், எதற்குப் போனோம், யார் கச்சேரி நடந்தது, எப்படித் தீப்பிடித்தது, யார் ஓடி ஓடி ஆட்களைக் காப்பாற்றினார், கடைசியில் எந்த ஹோட்டலில் போய் ஒதுங்கினோம் என்று நாட்குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த நாட்குறிப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

1971 டிசம்பர். டீப் பர்ப்பிள் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. அப்போது அதில் இயன் கில்லன் பாட்டு, ரிச்சி பிளாக்மோர் கிடார், ஜான் லார்ட் ஆர்கன், ராஜர் குளோவர் பேஸ், இயன் பெய்ஸ் டிரம்ஸ். ரசிகர்கள் ‘மார்க் 2’ என்று அழைக்கிற அணி. சாதாரண ஸ்டூடியோவில் பதிவு செய்தால் மேடையில் வருகிற சத்தம் ஆல்பத்தில் வருவதில்லை என்பது அவர்களுடைய பெரிய குறை. அதனால் அடுத்த ஆல்பமான ‘மெஷின் ஹெட்’டுக்காக ஒரு யோசனை செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரூ என்ற ஊர். அங்கே கேசினோவோடு சேர்ந்து ஒரு கச்சேரி அரங்கம் உண்டு. குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். காலியாகக் கிடக்கும் அந்த அரங்கத்தில் வாத்தியங்களை வைத்து மேடையில் வாசிப்பது போலவே வாசிப்பது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வெளியே நிறுத்திப் பதிவு செய்வது. பாட்டில் அந்த லாரிக்கும் ஒரு வரி உண்டு. கூட ஒலிப்பதிவுக்கு மார்ட்டின் பர்ச். பிற்காலத்தில் அயர்ன் மெய்டன் என்ற ராக் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த அதே ஆள்.

அரங்கம் குளிர்காலத்துக்கு மூடப்படும் முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி இருந்தது. டிசம்பர் 4, சனிக்கிழமை, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். பர்ப்பிள் ஆட்களும் பார்க்கப் போயிருந்தார்கள். ‘கிங் காங்’ என்ற நீண்ட உருப்படியில் சிந்தசைசர் சோலோ போய்க்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவர் ஃபிளேர் துப்பாக்கியால் மேலே சுட்டார். நடுக்கடலில் ஆபத்து என்றால் வானத்தில் வெளிச்சம் காட்டுவதற்காகச் சுடுவார்களே, அந்த வகை. அரங்கத்தின் மேற்கூரையின் உட்புறம் பிரம்பு வேய்ந்தது. காய்ந்த பிரம்பு. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேசினோ முழுவதும் எரிந்து போனது. சிலருக்குக் காயம், ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதில் பெரும்பங்கு க்ளோட் நோப்ஸ் என்பவருக்கு. 1967ல் தொடங்கிய மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்தி வந்தவர் அவர். உள்ளே போவதும் பிள்ளைகளை இழுத்து வெளியே விடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தார். பாட்டில் வரும் ‘ஃபங்கி க்ளோட்’ இவர்தான். பாதிப் பேர் அதை ஏதோ கற்பனைப் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கச்சேரியின் ஒலிநாடாவும் இருக்கிறது. ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து சுற்றில் விட்டது. பிறகு 1992ல் ஸாப்பா பெயரிலேயே ‘பீட் த பூட்ஸ்’ தொகுப்பின் இரண்டாம் பெட்டியில் முறையாக வந்தது. பதற்றம் இல்லாமல் வெளியேறச் சொல்லும் குரலை அதில் கேட்கலாம். ஒரு பாட்டு பிறந்த நிமிடமே இப்படி நாடாவில் சிக்கியிருப்பது எனக்குத் தெரிந்து வேறு எந்த ராக் பாட்டுக்கும் வாய்க்கவில்லை. ஸாப்பாவுக்குக் கெட்ட நேரம் அதோடு விடவில்லை. வாத்தியங்கள் எல்லாம் சாம்பல். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒரு பார்வையாளர் மேடையேறி அவரைக் கீழே தள்ளிவிட்டார். பல மாதங்கள் சக்கர நாற்காலி.

சரி, பர்ப்பிள் கதைக்கு வருவோம். ஹோட்டல் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தால் தண்ணீர்மேல் புகை திரை போலப் படர்ந்திருந்தது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போது ‘தண்ணீர்மேல் புகை’ என்ற வார்த்தைகள் வாயில் வந்துவிட்டன. கில்லனிடம் சொன்னபோது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. போதைப் பாட்டு மாதிரி ஒலிக்கிறதே என்று தயங்கினார். தலைப்பு அப்படியே கிடந்தது.

இன்னொரு பக்கம் இசை தனியாக உருவாகிக்கொண்டிருந்தது. கேசினோ போய்விட்டதால் நோப்ஸ் ஊருக்குள் பெவிலியன் என்ற ஒரு தியேட்டரைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே போய், பிளாக்மோர் கொண்டுவந்த ஒரு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டுத் துண்டை) வைத்து ஒரு டிராக்கைப் பதிவு செய்தார்கள். வார்த்தை கிடையாது, பெயரும் கிடையாது. ‘டைட்டில் நம்பர் 1’ என்று குறித்து வைத்தார்கள். ராத்திரி நேரம், ஊர் தூங்குகிற நேரம், இவர்கள் சத்தமோ கட்டடத்தையே அசைக்கிற சத்தம். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள், போலீஸ் வந்துவிட்டது. குழுவின் உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்க, வெளியே போலீஸ் தட்ட, உள்ளே வாசித்து முடித்தார்கள். ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் அடித்தளம் அந்த டேக்தான், அதாவது அந்த ஒரு தடவை வாசித்த பதிவுதான். பெவிலியனில் அவர்களால் முடிக்க முடிந்தது அந்த ஒன்று மட்டும்.

அங்கிருந்து விரட்டப்பட்டுக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடப்பட்ட, ஆளில்லாத, சில்லிட்ட கட்டடம். வராந்தாவில் வாத்தியங்களை வைத்து, சுற்றிலும் மெத்தைகளைச் சாத்தி, ஹீட்டர் கொண்டுவந்து, சிவப்பு பல்பு மாட்டி வேலையைத் தொடங்கினார்கள். பாட்டின் கடைசிச் சரணத்தில் வரும் சிவப்பு விளக்குகளும் பழைய கட்டில்களும் இவைதான். லாரி வெளியே நின்றது. பதிவு செய்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் எல்லாம் தாண்டி, குளிரில் இறங்கி லாரிக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளில் அலுத்துப்போய்ப் போவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல டேக் என்று மனதுக்குப் பட்டால் அடுத்த பாட்டு. ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ஒரு நிறுத்தாத ஓட்டம் இருக்கிறதே, அதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆல்பம் முடியும் கட்டத்தில் சில நிமிடங்கள் குறைந்தன. ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’ என்று ஓர் அருமையான மெதுவான பாட்டைப் பதிவு செய்திருந்தார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை, ஆல்பத்தில் சேரவில்லை. அப்போதுதான் பெவிலியன் டிராக் ஞாபகம் வந்தது. அதற்கு என்ன வார்த்தை எழுதுவது? இந்த மூன்று வாரமாக நமக்கு நடந்ததை எழுதிவிடலாம் என்று கில்லனும் குளோவரும் உட்கார்ந்தார்கள். தூக்கத்தில் வந்த தலைப்பு பல்லவி ஆனது. இடத்தை நிரப்ப எழுதிய பாட்டு. அதனால்தான் வார்த்தைகளில் அலங்காரம் இல்லை.

குழுவில் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. வானொலிக்கு ஏற்றது என்று அவர்கள் நம்பியது ‘நெவர் பிஃபோர்’ பாட்டை. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வந்ததும் அதுதான். இன்று அதை எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்? நோப்ஸ் பிறகு பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. உனக்காக ஒரு பாட்டு செய்திருக்கிறோம், சும்மா வேடிக்கைக்கு, ஆல்பத்தில் வராது என்று கேசட்டைக் கொடுத்தார்களாம். கேட்டுவிட்டு, உங்களுக்குப் பைத்தியமா, இது பெரிய பாட்டாகும் என்றாராம். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் குழுவின் அலட்சியத்துக்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

அதற்கு முன் அந்த ரிஃப். எளிதாக இருக்கிறது என்பதற்காகவே கேலிக்கு ஆளான ரிஃப் இது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ச க ம, ச க ம ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். மத்யமம் சுத்த மத்யமம். நடுவில் ‘ம ம’ என்று வரும் இடத்தில் மட்டும் முதலாவது பிரதி மத்யமம், அதிலிருந்து உடனே சுத்த மத்யமத்துக்கு இறக்கம். இரண்டு மத்யமமும் ஒட்டிக்கொண்டு வரும் அந்த ஒரு உரசல்தான் ப்ளூஸ் வாசனை. மொத்தம் நாலே ஸ்வர ஸ்தானம். கிடார் வகுப்பில் முதல் வாரமே பையன்கள் ஒற்றைத் தந்தியில் இதை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். வருடக் கணக்கில் தப்பாகவே வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிளாக்மோர் ஒற்றைத் தந்தியில் வாசிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்குக் கீழே நாலாவதாக வரும் ஸ்வரத்தையும் (ச என்றால் அதன் கீழே ப) சேர்த்து, இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் விரலால் சுண்டுகிறார். பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) கிடையாது. பிக் வைத்து வாசித்தால் ஒரு தந்திக்குப் பின் இன்னொன்று ஒலிக்கும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு கீறல் சத்தம் வரும். விரலால் சுண்டினால் இரண்டும் ஒன்றாக, கதவைச் சாத்துகிற மாதிரி வருகின்றன. அதோடு இரண்டாவது குரல் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன். அதை ஆர்கனுக்கு வழக்கமான லெஸ்லி ஸ்பீக்கரில் விடாமல் மார்ஷல் கிடார் ஆம்பில் (ஆம்பிளிஃபயரில்) போட்டு உறும வைத்தார். பலரும் ஒரு கிடார் என்று நினைத்துக் கேட்பது உண்மையில் கிடாரும் ஆர்கனும் சேர்ந்த சத்தம். அதனால்தான் வீட்டில் தனியாகக் கிடாரில் வாசிக்கும்போது ஏதோ குறைகிறது என்று தோன்றுகிறது. இது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியைத் தலைகீழாகப் போட்டது, அவருக்கு நான் காசு தர வேண்டும் என்று பிளாக்மோர் சொன்னதுண்டு. அந்த ஆள் எப்போது விளையாட்டாகப் பேசுகிறார், எப்போது நிஜமாகப் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

தொடக்கத்தில் ஒவ்வொருவராக உள்ளே வருவதையும் கவனியுங்கள். முதலில் கிடார் மட்டும். பிறகு பெய்ஸின் ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டுகள்) ஆர்கனும். பிறகு மற்ற டிரம்ஸ். கடைசியாகக் குளோவரின் பேஸ், ஒரே சுரத்தில் இடைவிடாமல் துடித்தபடி. அது வருகிற நொடியில்தான் பாட்டுக்குக் கால் முளைக்கிறது. இந்த ஏற்பாடு மேடைக்கு என்றே செய்தது போல இருக்கும். ஆனால் மேடைக்கு இது உடனே போகவில்லை.

1972 மார்ச் 1 அன்று கோபன்ஹேகனில் நடந்த கச்சேரி முழுவதும் படமாகவே இருக்கிறது. ‘ஹைவே ஸ்டார்’ உண்டு, ‘லேஸி’ உண்டு, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ உண்டு. எல்லாம் புது ஆல்பத்துப் பாட்டுகள். ‘ஸ்மோக்’ இல்லை! குழுவின் அலட்சியத்துக்கு வேறு சாட்சி இருக்கிறது என்று சொன்னேனே, இதைத்தான். மார்ச் 9 அன்று லண்டன் பாரிஸ் தியேட்டரில் பிபிசி வானொலிக்காக வாசித்தபோது சேர்த்தார்கள். அது ‘இன் கான்சர்ட்’ ஆல்பத்தில் கிடைக்கிறது. ஆல்பம் கடைக்கு வந்தது அதே மாதக் கடைசியில். ஆகவே அன்று அரங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ரிஃப் என்னவென்றே தெரியாது. இன்று அந்த முதல் மூன்று சுரம் விழுந்தால் எழும் ஆரவாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, யாரும் ஆரவாரம் செய்யாத ‘ஸ்மோக்’ ஒரு விசித்திரமான அனுபவம்.

அடுத்து ஜப்பான். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால். 17 டோக்கியோ புடோகான். லைவ் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது ஜப்பான் கம்பெனிதான். குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளர்தான் பதிவு செய்ய வேண்டும், எங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டார்கள். மார்ட்டின் பர்ச் எட்டு டிராக் கருவியில் பதிவு செய்தார். பிறகு மூன்று இரவுகளையும் கேட்டுப் பொறுக்கினார்கள். ஆல்பத்தின் பெரும்பகுதி இரண்டாம் நாள் ஒசாகாவிலிருந்து. இரண்டு பாட்டு டோக்கியோவிலிருந்து. முதல் நாளிலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. காரணம் வேடிக்கையானது. பிளாக்மோர் தொடக்க ரிஃபை ஒழுங்காக வாசித்தது அந்த ஒரு நாளில் மட்டும்தானாம். உலகத்தில் எந்தக் கிடார் வகுப்பிலும் முதலில் சொல்லிக்கொடுக்கும் ரிஃபை, அதை உண்டாக்கினவரே மூன்றில் இரண்டு நாள் குழப்பியிருக்கிறார்.

குழப்பினார் என்பதைவிட, ஒரே மாதிரி வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை என்று சொல்வேன். ‘மேட் இன் ஜப்பான்’ தொடக்கத்தைக் கேளுங்கள். ரிஃபின் தாளத்தை உடைத்து உடைத்து ஆடுகிறார். கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொள்ளப் பார்க்கிறது, இவர் கொஞ்சம் போக்குக் காட்டிவிட்டுத்தான் நேர் தாளத்துக்கு வருகிறார். ஸ்டூடியோ வடிவத்துக்கும் இதற்கும் இன்னொரு முக்கியமான வித்தியாசம் முடிவு. ஆல்பத்தில் பாட்டு முடிவதே இல்லை. ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெல்ல மங்கி மறைகிறது. மேடையில் அப்படி மங்க முடியாது, எப்படியாவது முடித்தாக வேண்டும். அந்த இடத்தில் லார்டும் பிளாக்மோரும் கேள்வி பதிலாக மோதிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு துண்டு வாசிக்க, மற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க, தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்து வாசிப்பார்களே, கிட்டத்தட்ட அந்தச் சூடு. கில்லனும் ஸ்டூடியோவில் அடக்கி வாசித்ததை இங்கே அவிழ்த்து விடுகிறார். ஐந்தரை நிமிடத்துப் பாட்டு ஏழைத் தாண்டிவிடுகிறது.

‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் மூன்றாவது பாட்டாக இருந்தாலும், அந்த நாட்களில் மேடையில் ‘ஹைவே ஸ்டார்’ முடிந்ததும் இரண்டாவதாகவே வாசித்தார்கள். ஆரம்பச் சூட்டில் வாசித்துத் தள்ளிவிடுகிற பாட்டு. உச்சம் என்ற மரியாதை ‘ஸ்பேஸ் டிரக்கின்’ பாட்டுக்கு. அதை இருபது நிமிடம் இழுப்பார்கள். இன்றைய வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய பதிவுகளைக் கேட்டால் தலைகீழாக இருக்கும்.

பாட்டின் தலைவிதி மாறியது 1973ல், அமெரிக்காவில். ‘மேட் இன் ஜப்பான்’ அங்கே வெளியாகி ஓடத் தொடங்கியபோது வார்னர் பிரதர்ஸ் இந்தப் பாட்டை மே மாதம் சிங்கிளாக விட்டது. ஒரு பக்கம் ஸ்டூடியோ வடிவத்தை வெட்டிச் சுருக்கியது, மறு பக்கம் ஜப்பான் லைவ் வடிவம். ஆல்பம் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, இருந்தாலும் பில்போர்டு பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அது உச்சியைத் தொட்டபோது பாடியவர் குழுவில் இல்லை. கில்லன் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தார். 1973 ஜூன் 29, அதே ஒசாகாவில் கடைசிக் கச்சேரி, அவரும் குளோவரும் விலகிவிட்டார்கள். வார்த்தை எழுதிய இரண்டு பேரும் போன பிறகு பாட்டு உச்சிக்குப் போனது.

இங்கிருந்துதான் எனக்குச் சுவாரசியம் கூடுகிறது. ‘நாங்கள் எல்லோரும் மான்ட்ரூவுக்கு வந்தோம்’ என்று தொடங்குகிற பாட்டு இது. நாங்கள் என்று யார் பாடுகிறார்கள்? 1974 ஏப்ரல் 6, கலிஃபோர்னியா ஜாம். ஒன்டாரியோ மோட்டார் ஸ்பீட்வே மைதானம், இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம், தொலைக்காட்சிக் கேமராக்கள். பாடுகிறவர்கள் டேவிட் கவர்டேலும் பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் கிளென் ஹ்யூஸும். குழுவில் சேர்வதற்கு முன் கவர்டேல் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பிடித்த அன்று இருவருமே அங்கே இல்லை. வரிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, ஹ்யூஸ் உச்சஸ்தாயியில் சோல் பாணியில் இழுத்து, நாட்குறிப்பை ஒரு கொண்டாட்டப் பாட்டாக மாற்றிவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கில்லன் பாடும்போது இருக்கிற ‘இதை நான் பார்த்தேன்’ என்கிற தொனி போய்விட்டது. அந்த நாளில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது பாட்டே இல்லை. பிளாக்மோர் கிடாரைக் கேமராவுக்குள் குத்தியதும், ஆம்ப்பைக் கொளுத்தி வெடிக்க வைத்ததும்தான்.

அடுத்த கட்டம் சோகம். பிளாக்மோர் 1975ல் போய்விட்டார், டாமி போலின் வந்தார். அபாரமான கிடார்க்காரர், போதைப் பழக்கம் பிடித்தாட்டியது. அந்த டிசம்பரில் ஜப்பான் போனபோது அவருடைய கை சரியாக இயங்கவில்லை. புடோகான் கச்சேரியின் பதிவு ‘லாஸ்ட் கான்சர்ட் இன் ஜப்பான்’ என்ற பெயரில் இருக்கிறது. கிடார் விட்ட இடங்களை எல்லாம் ஜான் லார்ட் ஆர்கனால் நிரப்பிக்கொண்டே போகிறார். ‘ஸ்மோக்’ முடிவில் ஹ்யூஸ் ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ பாட்டுக்குள் நழுவுகிறார். தேடிப் போய்க் கேட்க வேண்டிய பதிவு அல்ல. ஆனால் லார்ட் எவ்வளவு பெரிய மனிதர் என்று தெரிய வேண்டுமானால் ஒரு தடவை கேட்கலாம். 1976 மார்ச்சில் குழு கலைந்தது. டிசம்பரில் போலின் இறந்துபோனார், வயது 25.

குழு இல்லாத வருடங்களில் பாட்டு வேறு வீடுகளில் தங்கியது. அதில் விசித்திரமானது பிளாக் சபாத் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழு. 1983ல் கில்லன் அங்கே பாடப் போனார், சுற்றுப்பயணத்தில் இதையும் பாடினார்கள். அந்த ஆகஸ்டில் நடந்த ரீடிங் திருவிழாப் பதிவு ‘பார்ன் அகெய்ன்’ மறுவெளியீட்டில் இருக்கிறது. சபாத்தின் கிடார்க்காரர் டோனி அயோமி கையில் அந்த ரிஃப்! எழுதியதே அவர்தான் என்று சொன்னால் நம்பிவிடலாம், அவ்வளவு கறுப்பாக ஒலிக்கிறது. சபாத் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான். அடுத்த குழுவின் பாட்டை எதற்கு வாசிக்க வேண்டும்? எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

1984ல் மார்க் 2 மறுபடி சேர்ந்தபோது பாட்டின் இடம் மாறிவிட்டது. இரண்டாவதாக வாசித்துத் தள்ளிய பாட்டு இப்போது நிகழ்ச்சி முடிவுக்குப் போய்விட்டது. கூட்டம் அதற்காகவே காத்திருக்கும், பல்லவியைக் கூட்டமே பாடும், கில்லன் மைக்கை நீட்டினால் போதும். வசதிதான், ஆனால் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். காத்திருந்து கேட்கிற பாட்டில் பிளாக்மோர் செய்த மாதிரி போக்குக் காட்ட முடியாது. அவருக்கும் அலுப்பு வந்துவிட்டது என்பது பல பதிவுகளில் தெரிகிறது. 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே நிரந்தரமாக விலகிவிட்டார். டிசம்பரில் ஜப்பான் கச்சேரிகளுக்கு ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றினார்.

இதற்கு நடுவே 1989ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. முந்தைய டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய நிலநடுக்கம். நிவாரணத்துக்காக ‘ராக் எய்ட் ஆர்மீனியா’ என்ற பெயரில் இந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கில்லன், புரூஸ் டிக்கின்சன், பால் ராட்ஜர்ஸ் பாட, கிடாரில் பிரையன் மே, டேவிட் கில்மோர், டோனி அயோமி, பிளாக்மோர் என்று ஊரே திரண்டது. பாட்டாகப் பார்த்தால் ஆள் அதிகம், சுவை நடுத்தரம். ஆனால் கில்லனுக்கும் அயோமிக்கும் ஆர்மீனியாவோடு ஏற்பட்ட அந்த உறவு நிலைத்தது. 2009ல் அந்த நாடு இருவருக்கும் விருது கொடுத்துக் கௌரவித்தது.

பிளாக்மோருக்குப் பின் வந்த ஸ்டீவ் மோர்ஸ் 2022 வரை இருந்தார். இந்த ரிஃபைத் தொடுவதற்கு முன் மற்ற குழுக்களின் பிரபலமான ரிஃப்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் வாசித்துக் காட்டி, கூட்டத்தைத் தவிக்கவிட்டு, கடைசியில் ‘ஸ்மோக்’ தொடங்குவது அவருடைய வழக்கம். இழந்துபோன அந்தப் போக்குக் காட்டலை வேறு வழியில் அவர் மீட்டார் என்று நினைக்கிறேன். இந்தியாவுக்கும் அந்தக் காலத்தில்தான் வந்தார்கள். 1995 ஏப்ரலில் பம்பாயில் நடந்த கச்சேரியின் பதிவுக்கு ‘பாம்பே காலிங்’ என்று பெயர். வெறும் ஊர்ப்பெயர் விளையாட்டு இல்லை அது. அவர்களுடைய ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் ஆர்கன் மெட்டு, ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’ பாட்டிலிருந்து எடுத்தது. பழைய கடனை ஒப்புக்கொள்கிற மாதிரி வைத்த தலைப்பு. 1999ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பனி இசைக்குழுவோடு வாசித்தபோதும் கடைசிப் பாட்டு இதுதான். ரோனி ஜேம்ஸ் டியோவும் சேர்ந்து பாடினார். அங்கே பாட்டு கொஞ்சம் திருமண வரவேற்புக் கச்சேரி மாதிரி ஆகிவிட்டது.

2016ல் ஒரு வேடிக்கை. ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை. குழு இந்தப் பாட்டை வாசித்தது, பிளாக்மோர் வரவில்லை. ஜூனில் அவர் ரெயின்போ என்ற பெயரில் ஜெர்மனியிலும் பர்மிங்காமிலும் சில கச்சேரிகள் செய்தார். அங்கே இதே பாட்டை அவர் வாசித்தார், பாடினது ரோனி ரொமெரோ. ஒரே கோடையில் இரண்டு பக்கமும் அதே தீயைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மான்ட்ரூவுக்கு அவர்கள் பலமுறை திரும்பிப் போனார்கள். 1975ல் கேசினோவைத் திரும்பக் கட்டினார்கள். ஏரிக்கரையில் குழுவின் பெயரோடும் ரிஃபின் சுரக் குறிப்போடும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜான் லார்ட் 2012ல் இறந்தார், நோப்ஸ் 2013 ஜனவரியில், பனிச்சறுக்கு விபத்துக்குப் பிறகு. இன்றைய குழுவில் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தவர்கள் கில்லன், குளோவர், பெய்ஸ் மூவர் மட்டும். கிடார் வாசிக்கும் சைமன் மெக்பிரைடு அப்போது பிறக்கவே இல்லை. இருந்தும், மற்ற எத்தனையோ பேர் பாடிக் கேட்டபின், கில்லன் உடைந்த குரலில் பாடினாலும் எனக்கு அவரே வேண்டும். உச்சஸ்தாயி போய்விட்டது, உண்மை. நல்லவேளையாக இந்தப் பாட்டுக்கு அது தேவையில்லை.

ஆக, எது சரியான வடிவம்? என்னைக் கேட்டால் ஜப்பான் 1972. ஸ்டூடியோ வடிவத்தில் சத்தமும் கட்டுமானமும் அழகு. ஆனால் முடிவில்லாமல் மங்கிப்போகிற பாட்டுக்கு ஒசாகாவில்தான் ஒரு முடிவு கிடைத்தது. கேட்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ‘மெஷின் ஹெட்’, அடுத்து பிபிசி, அதற்கப்புறம் ஒசாகா. காலம் இருந்தால் கலிஃபோர்னியா ஜாமும் ரீடிங் சபாத்தும். கடைசியாக, 2024ல் வந்த ‘மெஷின் ஹெட்’ சிறப்புப் பதிப்பில் ஒரு புதிய மிக்ஸ் இருக்கிறது, அதையும் கேளுங்கள். பழைய டிராக்குகளைப் பிரித்து ஆர்கனையும் கிடாரையும் இன்னும் தெளிவாகக் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்தவர் டுவீஸில் ஸாப்பா. அன்று மேடையில் வாத்தியங்களை எல்லாம் தீக்குக் கொடுத்துவிட்டு வந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன்.